ஒற்றைக் கை கோவிந்தா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம் ஊரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில் சாந்திபுரத்தில் நானும் நைனாவும் ஏறினோம். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அன்று மதியம் ஒரு மணிக்குள் திருப்பதியில் ரயில்வே பரீட்சை எழுதும் இடத்துக்குள் நான் போயிருக்க வேண்டும். அது என்னுடைய ஐந்தாவது பரீட்சை. இதிலும் தேறாவிட்டால் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

நிம்மதியாக இருப்பது எனக்கு வராத ஒன்று. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். ஹால் டிக்கெட்டை நான்கு பிரதி எடுத்து, கைப்பையில் இரண்டு, நைனாவின் சட்டைப் பையில் ஒன்று, சாப்பாட்டுக் கூடைக்குள் ஒன்று என்று பிரித்து வைத்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்ப்பதும் என் வியாதி. அந்த வியாதி ஒரு நாள் உபயோகப்படும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்குக் கல்யாணமாகி நானும் என் கணவரும் சூளூர்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஸ்ரீசிட்டியில், செல்போன் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கிருந்து திருப்பதிக்குப் போவது சுலபம். ஆனாலும் பரீட்சை என்றால் இரண்டு நாள் முன்பே ஊருக்கு வந்துவிடுவேன். நைனா கேள்வி கேட்க, நான் பதில் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினால்தான் எனக்குத் தெம்பு. நாலு தடவை அப்படிப் போய்த் தேறவில்லையே என்று என் கணவர் கேலி செய்வார். அது வேறு விஷயம்.

நைனா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார், அதுவும் தமிழில். பிறகு ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. கடைசிப் பத்து வருடமாகத்தான் அதே நிலத்தில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி வைக்கிறார். நான் முதல் பரீட்சைக்குப் படித்தபோது குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பொது அறிவுப் புத்தகம் வாங்கி வந்தேன். தடிமனான புத்தகம், ஆயிரக்கணக்கில் கேள்விகள். என்னைக் கேள்வி கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் நைனாவிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி அவர் ஒரு கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் அப்படிப் படித்ததாலோ என்னவோ, நான்கு வருடத்தில் புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பரீட்சை எழுதிய எனக்குப் பாதிதான் ஞாபகம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு தின்னும்போதும் கேள்விதான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், தேன் கெட்டே போகாது தெரியுமா என்பார். ரேஷன் கடையில் வரிசை நகராவிட்டால், இந்தியாவிலேயே சின்ன மாநிலம் எது என்று முன்னால் நிற்பவரைக் கேட்பார். சந்தையில் தக்காளியைத் தரம் பிரிக்கும்போது, இது காய்கறி இல்லை, பழம்தான் என்று ஏலக்காரரிடம் வாதம் செய்து, அவர் கடுப்பாகிப் போனதும் உண்டு. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அம்மாவுக்கே முந்நூறு பதில்களாவது தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையான பழக்கமும் எங்களுக்கு வந்துவிட்டது. ஒருமுறை என் தம்பி புளிய மரத்திலிருந்து விழுந்தான். ஓடிப்போன நைனா, அடிபட்டதா என்று கேட்கவில்லை. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டார். அவன் அழுதுகொண்டே மூன்று என்றான். தலையில் அடி இல்லை, தப்பித்தான் என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தார். இன்னொரு முறை வெயிலில் மயங்கி விழுந்த அம்மா, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து கோவா என்றாள். அவள் மயங்கிக் கிடக்கும்போதே நைனா கேள்வியைக் கேட்டு வைத்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் ஒரு கேள்வி. பதில் சரியாக வந்தால் ஆள் பத்திரம். இதைச் சொல்லி உறவுக்காரர்களிடம் பெருமையடித்தவளும் நான்தான்.

பஸ்ஸுக்கு வருகிறேன். இடது பக்கம், இரண்டு பேர் உட்காரும் சீட். ஜன்னலோரம் நைனா. அவருக்கு வலப்பக்கம் நான். சன்னமாகத் தூறல். பலமனேரில் பஸ் நின்றதும் நைனா இறங்கிப் போய் டீ வாங்கி வந்தார். கைக்கு ஒன்றாக இரண்டு பேப்பர் கப், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் படியேறினார். நான் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபது. பரவாயில்லை, நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பலமனேரைத் தாண்டிய மலைப்பாதையில் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. அரை மணி நேரம் போய்விட்டது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா அந்த நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டார். அவர் பயணத்தில் தூங்குகிற ஆள் இல்லை. அதிகாலையில் எழுந்ததால் இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அன்று முழுக்க நான் அப்படிப் பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நுழைந்தபோது மணி ஒன்பது. கால் மணி நேரம் நிற்கும், டிபன் சாப்பிடுபவர்கள் சாப்பிடலாம் என்று கண்டக்டர் சொன்னார். நைனாவை உலுக்கி எழுப்பி இறக்கினேன். நான்கு அடி நடந்த பிறகு பார்த்தால் அவரது இடது காலில் செருப்பு இல்லை. வெறுங்காலோடு, காலை லேசாக இழுத்தபடி, ஈரத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் சிடுசிடுத்தேன். பஸ்ஸுக்குத் திரும்ப ஓடி, சீட்டுக்கு அடியில் கிடந்த செருப்பை எடுத்து வந்து மாட்டிவிட்டேன். ரொம்ப நேரம் உட்கார்ந்ததில் மரத்துப்போயிருக்கும். இது இன்னொரு காரணம்.

ஹோட்டலில் இட்லி வந்தது. தட்டில் நான்கு இட்லி, சட்னி. நைனா இரண்டைச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். இடது பக்கம் இருந்த இரண்டும் தொடாமல் அப்படியே இருந்தன. அந்தப் பக்கம் இருந்த சட்னியும் அப்படியே. மீதியைத் தின்னச் சொன்னேன். எல்லாம் துன்னுட்டேனே, தட்டுல எங்க கீது என்று கேட்டார். நான் தட்டைக் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார். பார்த்தார், ஆனால் இட்லியைப் பார்க்கவில்லை. அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று, பசியில்லை என்பதை இப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நிமிடமே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஏதோ சரியில்லை. அதே சமயம் பஸ் ஹாரன் அடித்தது. மணி ஒன்பதே கால். நான்கு வருடப் படிப்பு, இந்தக் கடைசிப் பரீட்சை. இப்போது இவரை ஒரு டாக்டரிடம் காட்டினால் எல்லாம் போச்சு. அவருக்கு ஒன்றும் இல்லை என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல யாரும் இல்லாததால் எங்கள் வீட்டு வைத்தியத்தைச் செய்தேன்.

கண் மூளையைவிடப் பெரிதாக இருக்கும் பறவை எது என்று கேட்டேன். நெருப்புக்கோழி என்றார், இமை கொட்டுவதற்குள். ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளமாக இருக்கும் கிரகம்? வெள்ளி. மனித உடம்பிலேயே சின்ன எலும்பு எங்கே? காதில். ஒன்றுகூடத் தடுமாறவில்லை. போதாததற்கு என்னையே திருப்பிக் கேட்டார்.

"எல்லாம் என்னையே கேக்கறியே, நீ சொல்லு பாக்கலாம். நம்ம உடம்புல வலின்னா இன்னான்னே தெரியாத உறுப்பு எது?"

"மூளை, நைனா."

"ம். பாஸ் பண்ணிடுவே போ."

இரண்டு பேரும் சிரித்தோம். என் பயம் சட்டென்று இறங்கிவிட்டது. இத்தனை கேள்விக்குப் பதில் சொல்பவருக்கு என்ன வந்துவிடப் போகிறது? கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன். வலது கையைத்தான் பிடித்தேன். மறுபடி ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தேன்.

சித்தூரில் ஒரு கூட்டம் ஏறியிருந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து திருமலைக்குப் போகிறவர்கள், மஞ்சள் புடவையும் மஞ்சள் வேட்டியுமாக இருபது பேர் இருக்கும். எங்கள் பின் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மடியில் துணிப்பையோடு உட்கார்ந்தார். நான் புத்தகத்தைத் திறந்தேன். நைனா என் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது கேள்விகளும் கேட்டார். ஒருமுறைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. வழியெல்லாம் மாந்தோப்பு, ஏரி, மழையில் நனைந்த வயல். தக்காளி யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வருகிற மனிதர், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் என் படிப்பில் இருந்தேன்.

சந்திரகிரி வந்தபோது மேகம் விலகி, இடது பக்கத்தில் மலை தெரிந்தது. மஞ்சள் கூட்டத்தில் யாரோ குரல் கொடுக்க, பஸ்ஸே அதிரும்படி கோவிந்தா கோவிந்தா என்று கத்தினார்கள். கண்டக்டர், ஸ்கூல் பிள்ளைகள், மொபைல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்று எல்லோருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. நானும் புத்தகத்தை மடியில் போட்டுவிட்டுக் கும்பிட்டேன். நைனாவும் கோவிந்தா போட்டார். நல்ல கணீரென்ற குரல். எல்லோரும் இடப்பக்கம் மலையைப் பார்க்க, அவர் மட்டும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு, வலது கையை மட்டும் தூக்கியிருந்தார்.

பின்னாலிருந்து என் தோளை யாரோ தொட்டார்கள். அந்த அம்மாதான்.

"ஏம்மா, உங்க நைனாவுக்கு இந்தக் கை முன்னயிருந்தே விளங்காதா?"

எனக்குப் புரியவில்லை. எந்தக் கை என்று எட்டிப் பார்த்தேன். நைனாவின் இடது கை சீட்டுக்கும் ஜன்னல் தகரத்துக்கும் நடுவில் விழுந்து, விரல்கள் பின் சீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் தகரத்தின் விளிம்பு உரசி உரசி மணிக்கட்டில் தோல் வழண்டு ரத்தம் கசிந்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ. நைனாவுக்குத் தெரியவே இல்லை. நான் அந்தக் கையைத் தூக்கினேன். ஈரத் துணி மாதிரி கனத்தது. விட்டதும் தொப்பென்று விழுந்தது.

இல்லையே, நல்லாத்தானே இருந்தது, பலமனேரில் டீ வாங்கி வந்தாரே என்று உளறினேன். அந்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. தன் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வந்தது, ஒரு நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு காலம் கடத்திவிட்டோம் என்று மட்டும் சொன்னார். உடனே எழுந்து முன்னால் போனார். தமிழில்தான் சொன்னார். கண்டக்டருக்கு அரைகுறையாகப் புரிந்திருக்கும். ஆனால் பின்னால் வந்து நைனாவைப் பார்த்தவுடனே அவர் விசில் ஊதி, டிரைவரிடம் தெலுங்கில் ஏதோ கத்தினார். அதற்குப் பிறகு பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. வழியில் இறங்க வேண்டிய ஒருவர் முணுமுணுத்தார். விஷயம் தெரிந்ததும் அவரே வந்து, நைனா சீட்டிலிருந்து சரியாதபடி தோளைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவில் நைனா மட்டும் அமைதியாக இருந்தார்.

"ஏன் கண்ணு எல்லாரும் ஓடிக்கினு கீறாங்க? யாருக்கு இன்னா ஆச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் முழுசாக நம்பினார். அழாதே, பரீட்சைக்கு நேரமிருக்கிறது என்று என்னைச் சமாதானம் வேறு செய்தார்.

பஸ் நேராகத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் போய் நின்றது. ஊர்ப் பஸ்காரர் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் வேட்டிக்காரர்கள் நான்கு பேர் நைனாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த அம்மாவும் கூட வந்தார். உள்ளே நைனாவை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். ஓர் இளம் பெண் டாக்டர் வந்து பார்த்தார். தெலுங்குக்காரர், தமிழும் ஓரளவு பேசினார். நைனாவின் வலது கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். இடது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கிட்டேனே என்றார் நைனா. கை படுக்கையிலேயே கிடந்தது.

டாக்டர் அந்தக் கையைத் தானே பிடித்துத் தூக்கி, அவர் கண் முன்னால் காட்டி, பெரியவரே என்று தெலுங்கில் கூப்பிட்டுக் கேட்டார்.

"பெத்தாயனா, இது யார் கை?"

நைனா கையைப் பார்த்தார். அவருக்கு வலப்பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். கேள்விப் புத்தகத்துக்குப் பதில் சொல்லும் அதே வேகத்தில், கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

"என் பொண்ணுது."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் நைனா ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும் போல, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். வலது பக்க மூளைதான் இடது பக்க உடம்பை நடத்துகிறது. அது எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் அடிபட்டால் பேச்சு நன்றாக இருக்கும், படித்ததெல்லாம் ஞாபகம் இருக்கும், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் என்றார். அது புத்தகத்தில் இல்லை. வலிக்கவில்லை என்றாரே என்று கேட்டேன். மூளைக்கு வலி தெரியாதும்மா என்றார். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பதிலை நானே சொல்லி, பாஸும் ஆகியிருந்தேன்.

பிறகு அந்த டாக்டர் கேட்டார், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று.

இப்போதுதான், பஸ்ஸில் வரும்போது, அரை மணி நேரம் முன்னால் என்றேன். பொய். செருப்பும் இட்லியும் கண் முன்னால் வந்தன. சித்தூரிலேயே தெரிந்தும் ஏன் கூட்டிப் போகவில்லை என்று கேட்டால் என்ன சொல்வேன்? பரீட்சை என்றா? கேள்வி கேட்டேன், பதில் சொன்னார் என்றா? நினைத்தாலே கூசியது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது, ஆனால் அதற்கு நேரக் கணக்கு உண்டு, நேரம் தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று நிதானமாகச் சொன்னார்.

"டைம் கரெக்டா செப்பண்டி. அதை வெச்சுத்தான் ஊசி."

எத்தனை மணி நேரம் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. நிஜத்தைச் சொன்னால், நேரம் தாண்டிவிட்டது, ஊசி கிடையாது என்று சொல்லிவிடுவாரோ? பொய்யையே சொன்னால் அந்த ஊசியே அவரைக் கொன்றுவிடுமோ? வாழ்நாளில் எத்தனையோ கேள்விக்குப் பதில் குறித்திருக்கிறேன். தெரியாத கேள்விக்கெல்லாம் குருட்டாம்போக்கில் ஒன்றைக் குறித்துவிட்டு வந்திருக்கிறேன். இங்கே அப்படிக் குறிக்க முடியாது. அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார். உள்ளதச் சொல்லிடும்மா என்று மெதுவாகச் சொன்னார்.

சொல்லிவிட்டேன். பலமனேரில் இரண்டு கையிலும் டீ கொண்டுவந்தார், அப்போது ஏழு இருபது. சித்தூரில் இறங்கும்போது ஒன்பது, செருப்பு கழன்றது தெரியவில்லை, தட்டில் பாதியைச் சாப்பிடவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. அப்படியும் பஸ் ஏற்றிவிட்டேன். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது. ஏழு இருபது நிச்சயம்தானா என்று கேட்டார். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்ப்பவள், நிச்சயம் என்றேன். நாலரை மணி நேரம் வரை போடலாம், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

ஸ்கேன் அறையின் கதவு மூடியது. அந்த அம்மாவின் கூட்டம் வாசலில் காத்திருந்தது. தரிசனத்துக்கு அவர்களுக்கும் நேரம் குறித்திருந்தார்கள். போங்கம்மா என்று சொன்னேன். ஊசி போடும்வரை போக மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், தேன் கெட்டுப் போகாது, சின்ன மாநிலம் கோவா என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்தேன். சாமி பேர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பதினொன்று இருபதுக்கு நர்ஸ் வெளியே வந்து, ஊசி ஏறுகிறது என்றார். அந்த அம்மா எழுந்து, மலை இருக்கும் திசை எதுவென்று என்னைக் கேட்டு, அங்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை. நான்கு பிரதி ஹால் டிக்கெட் எடுத்த எனக்கு, ஒரு பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

பரீட்சை நேரம் எப்போது வந்தது, எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஏழு இருபதைத் தவிர வேறு எந்த மணியும் எனக்கு முக்கியமாக இல்லை.

நைனா பிழைத்தார். மறுநாள் காலை இடது பக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்த்தார். மூன்றாம் நாள் தட்டில் இருந்த உப்புமா முழுவதையும் சாப்பிட்டார். தட்டைக் கழுவும் இடத்தில் நின்று நான் அழுதேன். இது எல்லாம் சீக்கிரம் வந்ததால் கிடைத்தது என்று டாக்டர் சொன்னார். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். அவர் நல்லவர், பதில் சொல்லவில்லை. இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் இன்றுவரை மடங்குவதில்லை. அந்த இரண்டு விரல்களும் சித்தூரில் நான் தொலைத்தவை. நைனா அப்படிச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு மாதம் ஊரில் இருந்தேன். காலையும் மாலையும் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிவிடுவேன். அதற்கு எண்ணெய் தடவினேன், நகம் வெட்டினேன், சோப்புப் போட்டுக் கழுவினேன். ரப்பர் பந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொல்லி எண்ணினேன். அவர் அந்த நேரத்திலும் கேள்வி கேட்பார். நான் பதில் சொல்வேன். ஆனால் பதில் வந்தால் ஆள் பத்திரம் என்று எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

சூளூர்பேட்டைக்குத் திரும்பிய பிறகு தினமும் காலையில், கம்பெனி பஸ் வருவதற்கு முன்பு, வீடியோ கால் போடுவேன். ரெண்டு கையையும் தூக்கு நைனா என்பேன். அவருக்குச் சிரிப்பு. வலது கை மேலே போகும். இடது கை தோள் வரைக்கும் வந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு மெல்ல மேலே போகும். அது போய்ச் சேரும்வரை எனக்கு மூச்சு வராது. மேலே போனதும், என்னைக் கேலி செய்வதற்காகவே, பெரிதாக ஒரு கோவிந்தா போடுவார்.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. டாக்டர் கையைத் தூக்கிக் காட்டியதையும் அவர் சொன்ன பதிலையும் நான் சொன்னபோது, நானா அப்படிச் சொன்னேன் என்று வெட்கப்பட்டார். நான் அவரது மடங்காத இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே தப்பான பதில் அதுதான். அதற்குத் தப்பு போட மட்டும் இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.